வோக்கியும் வழித்துணையும்

மெல்பேர்னில் வாழும் பழைய நண்பரொருவர் சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். வருகிற ஆடியில் குடும்பங்களாகச் சேர்ந்து இருபது பேர் ஊருக்கு வருகிறார்களாம். கோணேசரை வணங்கிவிட்டு மூன்று வான்களில் புறப்பட்டு, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை என்று கரையோரமாகவே போய்க் கதிர்காமத்தில் முடிப்பது திட்டம். உடல்வலிமை உள்ள ஆறேழு பேர் உகந்தையிலிருந்து காட்டுவழியே நடப்பார்கள். மற்றவர்கள் வான்களில் மொனராகலை, புத்தல வழியாகச் சுற்றிச்சென்று கதிர்காமத்தில் காத்திருப்பார்கள். இவ்வளவையும் விபரித்துவிட்டு நண்பர் கேட்டிருந்த கேள்வி ஒன்றுதான். அங்கே விடுமுறைக் காலத்தில் காருக்குப் பின்னால் கரவன் வண்டியைப் பூட்டி இழுத்துக்கொண்டு கூட்டமாகப் பயணிக்கும்போது அவர்கள் பயன்படுத்தும் வோக்கி-டோக்கிகள் நான்கைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா?

கொண்டுவர வேண்டாம் என்று ஒரு வரியில் பதில் எழுதினேன். ஆனால் அந்த ஒரு வரி எனக்கு நிறைவளிக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான ஒரு தேவைக்கு இந்த நாட்டில் "வேண்டாம்" என்பதே பாதுகாப்பான விடையாக இருப்பது ஏன் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அவுஸ்திரேலியாவில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே 476, 477 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியைப் பொதுமக்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். எண்பது தடங்கள். ஐந்து வாற் வரை வலுவுள்ள, அங்கீகரிக்கப்பட்ட கருவியை எவரும் கடையில் வாங்கலாம். தனி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. 5ஆம், 35ஆம் தடங்கள் அவசர அழைப்புக்கு மட்டும் என்று சட்டமே ஒதுக்கி வைத்திருக்கிறது. நெடுஞ்சாலைப் பாரவூர்திச் சாரதிகள் 40ஆம் தடத்தில் பேசிக்கொள்வார்கள். கரவன் இழுத்துச் செல்வோர் 18ஆம் தடத்தில் கூடுவது வழக்கம். முன்னே போகும் வண்டி "பாதையில் மாடு நிற்கிறது" என்றால் பின்னால் வரும் ஐந்து வண்டிகளுக்கும் ஒரே நொடியில் கேட்கும். முன்பின் தெரியாத பாரவூர்திச் சாரதி, "நான் இப்போது முந்தப் போகிறேன், கொஞ்சம் இடம் கொடுங்கள்" என்று கேட்பதும் இதில்தான். பிரித்தானியாவில் 446 மெகாஹேர்ட்ஸில் அரை வாற் கருவிகள். கனடாவில் 462, 467 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் இன்னொரு வகை. இரண்டுக்கும் அனுமதிப்பத்திரம் கேட்பதில்லை. பிள்ளைகளின் பனிச்சறுக்கு விளையாட்டுக்கும் முதியோரின் மலையேற்றத்துக்கும் வாங்கிக்கொடுக்கிறார்கள்.

நம்மிடம் அந்தக் கருவிக்கு வேறொரு வரலாறு. இங்கே அதை முழுப்பெயர் சொல்லி அழைத்தவர் குறைவு, "வோக்கி" என்பார்கள். கையில் வோக்கி இருந்தால் அவர் ஒன்றில் படையைச் சேர்ந்தவர், அல்லது இயக்கத்தைச் சேர்ந்தவர். மூன்றாவது வகை மனிதர் கிடையாது. வேலிக்கப்பால் அந்தக் கரகர ஒலி கேட்டால் வீட்டுக்குள் பேச்சு நின்றுபோகும். தொண்ணூறுகளில் வடக்கே பொருளாதாரத் தடை இருந்தபோது சாதாரண ரோர்ச் லைற் பற்றரிகூடத் தடைப்பட்ட பொருளாயிற்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை நம்முடையது. நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், பேட்டி எடுக்கும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியைச் சோதனைச் சாவடியொன்றில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது வோக்கியா?" என்று கேட்டார்கள். ஒலிநாடாவை வெளியே எடுத்துக் காட்டி, என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டிய பின்பே விட்டார்கள். எங்கள் வயதுக்காரர் பலரிடமும் இப்படி ஒரு கதை இருக்கும்.

திருகோணமலைக்கோ இதில் கூடுதல் பங்கு உண்டு. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கனேடிய விமானி லியனார்ட் பர்ச்சால் செலுத்திய கற்றலீனா விமானம் இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கடற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படும் முன் வானொலியில் செய்தி அனுப்பியது. நான்கு நாட்கள் கழித்து மற்றொரு விமானம் கண்டு சொன்னதால் திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட்டன. 9ஆம் திகதி காலை துறைமுகத்தில் குண்டுகள் விழுந்தன. வெளியேறிய ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். ஆனால் துறைமுகத்தையும் வானொலியையும் சேர்த்துச் சந்தேகிக்கும் பழக்கம் போகவில்லை. 1987 யூலை 29ஆம் திகதி ஜே.ஆர். ஜயவர்தனாவும் ராஜீவ் காந்தியும் பரிமாறிக்கொண்ட கடிதங்களை எடுத்துப் பாருங்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் படைத்தேவைக்கும் விடக்கூடாது என்ற வாசகமும், இலங்கையில் வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகள் உளவுக்கும் படைத்தேவைக்கும் பயன்படாமல் பார்க்க வேண்டும் என்ற வாசகமும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி எண்பதுகளில் திருகோணமலையில் அமைத்த அஞ்சல் நிலையம்கூட அந்த நாட்களின் சந்தேகப் பார்வைக்குத் தப்பவில்லை. அந்நிலையம் 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் வந்துவிட்டது என்பது வேறு கதை.

இப்படிப்பட்ட மண்ணில், "நான்கு வோக்கி கொண்டுவரலாமா?" என்று ஒருவர் வெள்ளந்தியாகக் கேட்டால் என்ன சொல்வது?

ஆனால் கூட்டமாக வழிபோகும் வழக்கம் நமக்கு வோக்கியைவிட மிகப் பழையது. பொதிமாடுகளும் வண்டிகளுமாகக் கூட்டமாகச் செல்லும் வணிகக் குழுவைச் "சாத்து" என்றார்கள் முன்னோர். கோவலனின் தந்தை மாசாத்துவானின் பெயரில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. உப்பு வணிகர் மேட்டில் ஏறும்போது அச்சு முறியக்கூடும் என்று எண்ணி மாற்று அச்சொன்றை வண்டியின் கீழே கட்டிச் சென்றதை ஔவையார் புறநானூற்றில் உவமையாக்கியிருக்கிறார். கூட்டமாகப் போவதன் கலையே அதுதான். இடையில் எது அறுபடும் என்று புறப்படும் முன்பே யோசிப்பது.

எங்கள் வீதியில் அறுபட்டது பெரும்பாலும் கூட்டந்தான். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போவது என்றால் முன்பு துறை துறையாகப் படகுப்பாதை ஏறி இறங்க வேண்டும். கிண்ணியாவில் ஒன்று, பிறகு உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று நீளும். பாதையில் இரண்டு மூன்று வாகனங்களுக்குத்தான் இடம். எழுபதுகளின் இறுதியில், நான் சிறுவனாக இருந்தபோது, எங்கள் உறவினர் வீட்டுத் திருமணக் கூட்டமொன்று இப்படி இரண்டாகப் பிரிந்தது. மாப்பிள்ளையின் கார் அக்கரை போய்விட்டது. கூறைத்தட்டத்தோடு பெரியம்மா இக்கரையில். முதல் பகுதியினர் தேநீர்க்கடைக்காரரிடம் "இன்ன இடத்தில் காத்திருக்கிறோம் என்று பின்னால் வருகிறவர்களிடம் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக, அவர் அதே நிறத்து வேறொரு வானை மறித்துச் சொல்லிவிட்டார். நல்ல நேரம் முடிய அரைமணி இருக்கையில் கூறை போய்ச் சேர்ந்தது. 2009 ஒக்ரோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது; அடுத்து வந்த ஆண்டுகளில் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்துவிட்டன. இன்றைய பிள்ளைகளுக்குப் படகுப்பாதை என்ற சொல்லை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைத்தொலைபேசி இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். பெரும்பாலான வீதிகளில் தொலைபேசி போதும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தொலைபேசி ஒருவரை ஒருவர் அழைப்பது. எண்ணைத் தேட வேண்டும், மணி அடிக்க வேண்டும், மறுமுனையில் எடுக்க வேண்டும். எடுப்பவர் சாரதியாக இருந்தால் அது சட்டப்படி குற்றமும்கூட. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் மாலைமயங்கும் நேரத்தில் முன்வானுக்கு எதிரே யானை வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் இரண்டு வான்களுக்கும் ஒவ்வொன்றாக அழைப்பெடுத்துச் சொல்லி முடிப்பதற்குள் அவையும் வளைவைத் தாண்டி வந்துவிடும். வோக்கியில் "யானை, நில்லுங்கள்" என்ற இரண்டு சொல் போதும். (அதையும் சாரதி கையில் கொடுக்கக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் வைத்திருக்க வேண்டும்.)

உகந்தைக்கு அப்பால் நிலைமை வேறு. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் என்று வாரக்கணக்கில் நடந்து வருகிற பாதயாத்திரைக் கூட்டமும், கிழக்கின் ஊர்களிலிருந்து வந்து சேருகிறவர்களும், உகந்தை முருகனை வணங்கிவிட்டுக் குமண, யால வனங்களுக்குள் நுழைகிறார்கள். அங்கிருந்து நான்கைந்து நாள் நடை. யானையும் கரடியும் உள்ள காடு. ஆடி மாத வெயில். தொலைபேசி பெரும்பாலும் பொம்மை. முன்னால் இளைஞர் விரைந்து போவார்கள், பின்னால் அறுபது எழுபது வயதுத் தாய்மார் வருவார்கள். தலைக்கும் வாலுக்கும் இடையில் ஒரு கிலோமீற்றர் விழுவது மிகச் சாதாரணம். பின்னால் ஒருவர் மயங்கி விழுந்தால் முன்னால் போனவருக்கு எப்போது தெரியும்? அடுத்த தங்குமிடத்தில் ஆட்களை எண்ணும்போது. "அரோகரா" என்று கூவினால் பதில் கூவல் வரும் என்பதுதான் அங்கே இருந்துவரும் தொடர்பாடல் முறை. காற்று எதிர்த்திசையில் வீசும்போது அந்தக் கூவல் எவ்வளவு தூரம் போகும் என்று நடந்தவர்களைக் கேளுங்கள்.

இந்த இடத்தில் வோக்கி விற்பவர்களின் புளுகையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் பத்துக் கிலோமீற்றர் என்று அச்சிட்டிருப்பார்கள். மலையுச்சியில் ஒருவரும் எதிரே வெட்டவெளியில் மற்றவரும் நின்றால் அது கிடைக்கலாம். இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகின்றன. ஈர இலைகளும் மண்மேடும் வானின் தகரக் கூடும் அவற்றை விழுங்கிவிடும். அரை வாற் கருவிக்குக் காட்டில் ஒரு கிலோமீற்றர் கிடைத்தால் நல்லது. திறந்த வீதியில் இரண்டு மூன்று. ஆகவே நண்பரின் நடைக்கூட்டம் காட்டுக்குள்ளிருந்து புத்தல வீதியில் போகும் வான்களோடு பேச முடியாது. ஆனால் அதே நடைக்கூட்டத்தின் தலையும் வாலும் பேசிக்கொள்ளலாம். இருபது பேரைச் சிதறாமல் வைத்திருக்க அவ்வளவு போதும்.

பிறகு ஏன் வேண்டாம் என்றேன்? முதலாவது, சட்டம். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி வானொலி அலை பரப்பும் கருவியைப் பயன்படுத்துவோர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். கொண்டுவருவதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் இசைவு வேண்டும். மெல்பேர்னில் சட்டப்படியான கருவி என்பது இங்கே எந்தச் சலுகையையும் தராது. ஒவ்வொரு நாடும் அலைவரிசைகளைத் தன் தேவைக்கேற்பப் பங்கிட்டு வைத்திருக்கிறது. அங்கே கரவன்காரர் அரட்டையடிக்கும் தடம் இங்கே யாருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது வருகிறவருக்குத் தெரியாது.

இரண்டாவது, மலிவுக் கருவிகளின் தொல்லை. பவோஃபெங் போன்ற சீனக் கருவிகள் சில ஆயிரம் ரூபாய்க்கு உலகெங்கும் இணையத்தில் கிடைக்கின்றன. குறிப்பிட்ட சில தடங்களில் மட்டும் பேசும் விளையாட்டுச் சாமானல்ல அவை. 136 முதல் 174 வரையும், 400 முதல் 520 வரையும் எந்த மெகாஹேர்ட்ஸிலும் நான்கைந்து வாற் வலுவோடு ஒலிபரப்பும். கப்பல்கள் ஆபத்தில் உதவி கேட்கும் சர்வதேச 16ஆம் தடம் 156.8 மெகாஹேர்ட்ஸ், அதுவும் இதற்குள்தான் வருகிறது. கிழக்குக் கடற்படைத் தலைமையகம் இருக்கும், எண்ணெய்க் கப்பலும் மீன்பிடி வள்ளமும் வந்துபோகும் துறைமுகத்தின் கரையில், விடுதி முற்றத்தில் ஒரு பிள்ளை பொத்தானை அழுத்திக்கொண்டு பாட்டுப் பாடினால் நடப்பது விளையாட்டல்ல.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பிடிபட்டால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் விளக்கம் சொல்லி, கருவியை இழந்து, விமானம் ஏறிவிடுவார். வான் சாரதி இங்கேதான் இருப்பார். எவருடைய வண்டி, யார் ஏற்றினது, உனக்குத் தெரியாதா என்ற கேள்விகள் அவருடைய வீட்டுப் படலைக்கு வரும். பெரும்பாலும் அவர் மூதூரிலோ கிண்ணியாவிலோ நிலாவெளியிலோ பிறந்த, முப்பது நாற்பது வயதான, ஏற்கெனவே போதிய விசாரணைகளைக் கண்ட குடும்பத்து மனிதராக இருப்பார். புலம்பெயர்ந்த நம்மவர் கொண்டுவரும் நல்ல பொருட்களில் இந்தக் கணக்கு மறந்துபோவது உண்டு.

ஆனால் சட்டத்தைக் காட்டி வாயை மூடிக்கொள்ளவும் நான் தயாரில்லை. தனியார் பாதுகாவல் சேவைகளும் பெரிய விடுதிகளும் முறைப்படி அனுமதி பெற்று இக்கருவிகளைப் பயன்படுத்துகின்றன. ஒரு குடும்பம், மூன்று வானுக்கு, ஒரு வாரத்துக்கு என்று விண்ணப்பித்ததை என் முப்பதாண்டுத் தொழிலில் நான் கேள்விப்பட்டதில்லை. விண்ணப்பிக்கலாம் என்ற எண்ணமே நம் மக்களுக்கு வராது. யுத்தம் முடிந்தது 2009 மே மாதத்தில். அந்த ஆண்டில் பிறந்த பிள்ளை க.பொ.த. சாதாரண தரம் எழுதும் வயதைத் தொட்டாயிற்று.

இந்தியாவைப் பாருங்கள். பாதுகாப்புக் கவலையில் நமக்குச் சளைத்த நாடல்ல அது. மும்பைத் தாக்குதலைக் கண்ட நாடு. அங்கே 2018ஆம் ஆண்டு விதிகளில் 446.0 முதல் 446.2 மெகாஹேர்ட்ஸ் வரை குறைவலுக் கருவிகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை என்று திறந்துவிட்டார்கள். அதே அரசு 2025இல், இந்த வரம்புக்குள் வராத, அங்கீகாரம் பெறாத வோக்கிகளை இணையக் கடைகள் விற்பதைத் தடுக்க நெறிமுறைகளையும் வெளியிட்டது. இரண்டும் முரணல்ல. ஒரு சிறு வாசலைத் திறந்தால்தான் மற்ற வாசல்களைக் காவல் காக்க முடியும். வாசலே இல்லாத இடத்தில் எல்லோரும் வேலி பாய்வார்கள்; பாய்கிறவரில் யாத்திரீகர் யார், கடத்தல்காரர் யார் என்று காவலருக்கும் தெரியாது.

"பயங்கரவாதிகள் பயன்படுத்தினால்?" என்று ஓய்வுபெற்ற அதிகாரியொருவர் என்னிடம் வாதிட்டார். அரை வாற் வலுவும், கழற்ற முடியாத அன்ரெனாவும், எவரும் செவிமடுக்கக்கூடிய சில பொதுத் தடங்களும் கொண்ட கருவியில் சதி பேசுகிறவனைப் பிடிப்பது எளிது என்றேன். மறைகுறியிட்ட செய்திச் செயலிகள் ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கும் காலம் இது. வோக்கியின் பேச்சு சந்தையில் உரக்கப் பேசுவது போன்றது. அவர் சிரித்தார், ஒத்துக்கொள்ளவில்லை.

அனர்த்தங்களையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, பொழுதுபோக்கு வானொலிப் பயணமாகப் போர்ட் பிளேயருக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவரது குழுவினரும் தங்கள் கருவிகளால் பெருநிலத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு உயிரோடு இருப்பவர் பற்றிய முதல் தகவல் அவர்கள் வழியாகப் போனது. இலங்கையிலும் அமெச்சூர் வானொலியாளர்கள் அம்பாந்தோட்டையோடு தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் நாட்டில் 600க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டுபோன நாட்களில் பல மாவட்டங்களில் கைத்தொலைபேசிகள் ஊமையாயின. ஒரு கிராமத்தின் இக்கரையும் அக்கரையும் பேசிக்கொள்ள வழியில்லாத இரவுகளில் அரை வாற் கருவி எவ்வளவோ செய்திருக்கும். ஆனால் அனர்த்த நாளன்று பெட்டியைப் பிரித்து எவரும் பழகமுடியாது. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் பொத்தானைத் தொடக்கூடாது, முதலில் யாரை அழைக்கிறோம் என்று பெயர் சொல்ல வேண்டும், பற்றரி தீருமுன் நேரம் குறித்துப் பேச வேண்டும் என்ற சின்னப் பழக்கங்கள் கோயில் யாத்திரையிலும் சுற்றுலாவிலும் தான் வரும்.

ஆணைக்குழுவிடம் நான் கேட்பது பெரிதல்ல. ஏதாவதொரு குறுகிய அலைப்பகுதியில் அரை வாற் கருவிகளைப் பயணிகளுக்கு என்று தெளிவாக ஒதுக்கி, எந்தக் கருவி, எந்தத் தடம், யார் வைத்திருக்கலாம் என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே பக்கத்தில் அறிவிக்கட்டும். வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. இங்கேயே அங்கீகரித்த கருவியை இங்கேயே விற்கட்டும். அதற்கு நாட்கள் எடுக்குமென்றால், அதுவரை உகந்தையில் ஒரு மேசை போதும். காட்டுவாசல் திறக்கும் நாட்களில் யாத்திரீகர் பெயர் பதிந்துதான் உள்ளே போகிறார்கள். பதிவு செய்யும் அதே இடத்தில், அரசின் அனுமதி பெற்ற கருவிகள் இரண்டை ஒவ்வொரு குழுத் தலைவரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்து, கதிர்காமத்தில் திருப்பி வாங்கலாம். ஒன்று கூட்டத்தின் முன்னால் போகிறவரிடம், மற்றது கடைசியாக நடக்கிற தாய்க்குப் பக்கத்தில் வருகிறவரிடம். நிலாவெளியிலிருந்து புறாமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் படகுகளுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

நண்பருக்கு இன்று மீண்டும் எழுதினேன். நான்கு கருவிகளையும் மெல்பேர்னிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். மூன்று வான்களின் சாரதிகளும் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவர்களாகப் பார்த்துப் பிடிக்கச் சொன்னேன். காட்டுவழி நடக்கும் ஆறேழு பேருக்கும் விசில் ஒவ்வொன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு இன்னும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.